தத்தெடுத்த பிள்ளை ஒட்ட மறுக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு தம்பதியிடம் குழந்தையை ஒப்படைக்கும் படம் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. முன்பு நீதிமன்றம் தந்த தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரே தருகிறார். படத்தில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஆறு மாதம் கழித்து அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுதுவார் இல்லை. பெரும்பாலான வீடுகளில் நல்லதே நடக்கிறது. சில வீடுகளில் மட்டும் ஒரு தாய், "பிள்ளை எங்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது" என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த வீடுகளுக்காக இந்தக் கடிதம்.

ஒட்டாமைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸ்ஆர்டர். ஒட்டுதல் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குழந்தை அடிபட்டால் பெரியவர்களைத் தேடி வராது. தூக்கினால் மரக்கட்டையாக விறைக்கும், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தேற்றினாலும் தேறாது. சிரிப்பு அரிது. பயமுறுத்த எதுவும் இல்லாத நேரத்திலும் மிரளும், சிடுசிடுக்கும். இந்த அறிகுறிகள் ஐந்து வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது மாத வளர்ச்சியை எட்டாத கைக்குழந்தைக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிர்போலத் தோன்றும் இன்னொரு நிலையும் உண்டு. முன்பின் தெரியாதவர் மடியில் போய் உட்காரும். கூப்பிட்டவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடும். முன்பு இரண்டையும் ஒரே நோயின் இரு வகைகளாகச் சொன்னார்கள். 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் இவற்றைத் தனித்தனி நோயாகப் பிரித்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: முதல் சில ஆண்டுகளில் 'என் ஆள்' என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லாமல் போனது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். காப்பகத்தில் பால் வருவது கடிகாரத்தைப் பார்த்து. ஓர் ஆயாவுக்குப் பல குழந்தைகள். ஷிப்டு முடிந்தால் வேறு ஆயா. ஆள் போதாத இடத்தில் பால் புட்டியைத் தலையணையில் சாய்த்து வாயில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். ஆயாக்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் இருப்பது இரண்டு கைதான். ஆனால் அழுதும் ஆள் வராத பிள்ளை, சில மாதங்களில் அழுவதை விட்டுவிடுகிறது. அழுகை வீண் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் மெச்சுகிறார்கள்: "எவ்வளவு சமத்து, அழவே இல்லையே!" கீழே விழுந்து முட்டி சிராய்த்த இரண்டு வயதுக் குழந்தை சத்தமில்லாமல் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனால் அது சமத்து இல்லை. அன்றே கவனிக்க வேண்டிய அடையாளம் அது.

"எந்த ரத்தமோ, எந்தக் குணமோ" என்ற பேச்சை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-களின் தொடக்கத்தில் ஆறு காப்பகங்களைச் சேர்ந்த 136 குழந்தைகளை வைத்து ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் ஒட்டாமையின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டு வயதுக்கு முன்பு போனவர்களுக்கு ஒட்டுதல் இன்னும் நன்றாக அமைந்தது. யாரிடமும் போய்விடும் பழக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. ஆள் மாறியதும் பிள்ளை மாறுகிறது என்றால், குற்றம் ரத்தத்தில் இல்லை.

ஆனால் பெயரை அவசரப்பட்டு ஒட்டவும் கூடாது. இது அரிய கோளாறு. காப்பகத்தில் வளர்ந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. புது வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் எந்தக் குழந்தையும் திகைத்துத்தான் நிற்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது பரிசோதனை. பிறகு கண், ரத்தசோகை, தைராய்டு, குடற்புழு, வளர்ச்சி நிலை. ஆட்டிசத்தையும் இதையும் குழப்பிக்கொள்வது சர்வசாதாரணம். ஆட்டிசத்தில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் சில பொருள்களில் மட்டும் தீவிர நாட்டமும் இருக்கும். ஒட்டுதல் கோளாற்றில் அவை பொதுவாக இருக்காது. நல்ல கவனிப்பு கிடைத்த சில மாதங்களிலேயே மாற்றமும் தெரியும். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து கவனிக்க, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் வளர்ச்சிப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

வேலை குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. குழந்தையைப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் தத்துவள மையம் தரும் குழந்தை ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இருக்கும். அவற்றில் இல்லாததை நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எத்தனை மணிக்குச் சாப்பாடு, எது கொடுத்தால் துப்பும்? குப்புறப் படுக்குமா, மல்லாந்தா? எந்த ஆயாவைக் கண்டால் கை நீட்டும்? எத்தனை இடம் மாறி வந்தது? அந்த ஆயாவோடு பத்து நிமிடம் பேசக் கிடைத்தால் அது பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம். குழந்தை படுத்த துண்டையோ போர்வையையோ கேட்டு வாங்கி வாருங்கள். துவைக்காமல் சில வாரம் படுக்கையில் போட்டு வையுங்கள். பழகிய வாசனை அதற்கு ஒரு பிடிமானம். பெயரையும் வந்த அன்றே மாற்ற வேண்டாம். புதுப் பெயரைப் பழைய பெயரோடு சேர்த்துச் சில மாதம் கூப்பிட்டால் குழந்தை தானே பழகிக்கொள்ளும்.

வந்த பிறகு நம் ஊரில் நடக்கும் முதல் தவறு, வீடு நிறைய ஆள் சேர்ப்பது. பெயர் சூட்டு விழா, கோயில், மொட்டை, காது குத்து, ஆளுக்கொரு தரம் தூக்கிக் கொஞ்சுதல் என்று போகும். அன்பில் செய்வதுதான். ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பிள்ளைக்கு, இதுவும் இன்னொரு ஷிப்டு மாற்றமாகவே படும். குறைந்தது முதல் இரண்டு மூன்று மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்கவைப்பது ஆகிய நான்கையும் அம்மா, அப்பா இருவர் மட்டுமே செய்யட்டும். பாட்டியும் அத்தையும் சமையல், துணி, கடைகண்ணி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். தூக்கக் கை நீட்டினால், "கொஞ்ச நாள் போகட்டும் அத்தை, இப்போ வணக்கம் மட்டும் சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். யாரிடமும் போய்விடும் குழந்தைக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாக வேண்டும், நீண்ட நாளும் வேண்டும். வெளியாள் மிட்டாய் கொடுத்தால்கூட அது பெற்றோர் கைக்கு வந்து அங்கிருந்துதான் குழந்தைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டில்தான் பெற்றோருக்குக் கோபம் அதிகம் வருகிறது. தலையணைக்கு அடியில் பிஸ்கட், பீரோவுக்குப் பின்னால் காய்ந்த இட்லி, வாந்தி வரும்வரை சாப்பிடுவது. இதைத் திருட்டு என்றோ பேராசை என்றோ பார்க்கக் கூடாது. அடுத்த வேளை வரும் என்ற நம்பிக்கை இன்னும் வயிற்றுக்குள் இறங்கவில்லை. அலமாரியைப் பூட்டினால் பதுக்கல் கூடும். இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கேட்காமலே ஏதாவது கொடுங்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அதன் பெயர் எழுதிய ஒரு டப்பா வையுங்கள். வாழைப்பழம், பொரி, பிஸ்கட் எது வேண்டுமானாலும் இருக்கலாம். நான்கு வயதுக்குக் கீழே முழு நிலக்கடலை, கடலை மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். டப்பா எப்போதும் காலியாகக் கூடாது. எடுத்துத் தின்றால் கணக்குக் கேட்காமல் குழந்தையின் கண்முன்னே நிரப்புங்கள். இரவில் தலைமாட்டிலும் வைக்கலாம். முதல் சில நாள் டப்பா உடனுக்குடன் காலியாகும், பதற வேண்டாம். நிரம்புவது நிச்சயம் என்று தெரிந்த பிறகு பதுக்கல் மெல்லக் குறையும். சில பிள்ளைகளுக்குப் பல மாதம் பிடிக்கும். ஊட்டுவதற்கு வயது வரம்பு கிடையாது. ஏழு வயதுப் பிள்ளை சோற்று உருண்டைக்கு வாய் திறந்தால் ஊட்டுங்கள், "இவ்வளவு பெரிய பிள்ளைக்கா?" என்பவர்கள் பேசட்டும்.

தூக்கத்துக்குத் தனி அறை வேண்டாம். பெற்றோர் படுக்கைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் பாயோ மெத்தையோ போதும். பல குழந்தைகளின் மூச்சுச் சத்தத்துக்கு நடுவே தூங்கிய பிள்ளைக்கு நிசப்தமே மிரட்சி தரும். ஒரு சிறிய விளக்கும், மின்விசிறிச் சத்தமும், பக்கத்தில் ஆள் இருக்கும் அரவமும் உதவும். இரவில் விழித்துக் கண்ணைத் திறந்தபடி அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அழாததால் பெற்றோருக்குத் தெரியாது. ஒருமுறை எழுந்து பார்த்து, "அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

தொடுதலைத் திணிக்கக் கூடாது. "என் கண்ணைப் பார், பார்த்தால்தான் தருவேன்" என்று முகத்தைப் பிடித்துத் திருப்புவது, விலகும் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொள்வது இரண்டும் கெடுதல். நம் வீடுகளில் வேறு வழிகள் இருக்கின்றன: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தலை வாரிப் பின்னுவது, நகம் வெட்டுவது, உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டு. முகம் பார்க்காமலே தொட்டுக்கொள்ள முடிவதால் பிள்ளைக்கு இவை எளிது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். தோள் இறுகியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். தோள் தளர்ந்து தலை லேசாகப் பின்னால் சாய்ந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தேயுங்கள். தொடங்கும் முன், "தலையில் எண்ணெய் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கண்ணாமூச்சியும் நல்லது. காணாமல் போன அம்மா திரும்பி வருவாள் என்பதை உடம்பால் கற்றுத்தருகிறது அது.

ஆவேசம் வரும். பொருள் உடையும், கடிக்கும், உதைக்கும். அந்த நேரத்தில் புத்தி சொன்னால் காதில் ஏறாது. தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது மற்றப் பிள்ளைகளுக்கு எப்படியோ, இந்தப் பிள்ளைக்குக் கைவிடப்பட்டதன் மறுபதிப்பு. எடுத்து எறியக்கூடியவற்றை அப்புறப்படுத்திவிட்டு, மூன்று நான்கு அடி தள்ளி, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழே தரையில் உட்காருங்கள். "கோபம் வந்திருக்கு. நான் இங்கேயே இருக்கேன்." இதற்கு மேல் வார்த்தை வேண்டாம், குரலும் தாழ்ந்தே இருக்கட்டும். தணிந்ததும் தண்ணீரோ மோரோ கொடுங்கள். உடைந்ததைப் பிறகு இருவருமாகக் கூட்டி அள்ளலாம். அம்மாவுக்கே கை ஓங்கும் நிலை வந்தால், வீட்டிலுள்ள இன்னொருவரை அருகில் விட்டு, "ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லி வெளியே போகலாம். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். அடி எந்த நிலையிலும் கூடாது.

பொய்யிலும் இதே கதைதான். பையில் பென்சில் இருப்பது தெரிந்தும் "நீ எடுத்தாயா?" என்று கேட்டால் பிள்ளை பொய் சொல்லும், கடைசியில் ஒரு சண்டைதான் மிஞ்சும். "பென்சில் உன் பையில இருக்கு. நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்க் கொடுத்துட்டு வரலாம்" என்பதே போதும். நட்சத்திரம் ஒட்டுவது, பரிசு தருவது, பிடித்த பொம்மையைப் பறிப்பது போன்ற முறைகள் இங்கே அதிகம் பலிப்பதில்லை. அப்பா அம்மாவுக்குப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால்தான் பரிசு வேலை செய்யும். அந்த ஆசையே இனிமேல்தான் முளைக்க வேண்டும்.

சில வாக்கியங்களை வீட்டிலிருந்து அடியோடு நீக்கிவிடுங்கள். "திருப்பி அனுப்பிடுவேன்", "போலீஸ்கிட்டப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்", "இப்படிப் பண்ணினா அம்மா போயிடுவேன்". கூடவே, நாம் வேடிக்கையாகச் சொல்லும் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பதும். மற்றக் குழந்தைக்கு அது சிரிப்பு, இந்தக் குழந்தைக்கு அது ஆதாரம். தத்து என்ற சொல்லைப் பிள்ளை வெளியாளிடம் முதன்முதலாகக் கேட்கக் கூடாது. மூன்று வயதிலேயே கதைபோல வீட்டில் சொல்லத் தொடங்கிவிடலாம்.

பள்ளியில் சேர்ப்பதைச் சில மாதம் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் விவரம் சொல்லுங்கள், ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கூப்பிட வருவதாகச் சொன்னவரே, சொன்ன நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். பத்து நிமிடத் தாமதம்கூட இந்தப் பிள்ளைக்குப் பெரிது. அம்மாவின் கைக்குட்டை ஒன்று பையில் இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடும்ப மரம் வரைந்து வா, கைக்குழந்தைப் படம் கொண்டு வா என்ற வீட்டுப்பாடங்களுக்குப் பதிலாக, "உனக்குப் பிடித்த ஒருவரை வரைந்து வா" என்று கேட்கலாம்.

வெளியில் சிரித்துப் பேசி, வீட்டில் அம்மாவிடம் மட்டும் முள்ளாக நிற்கும் பிள்ளைகள் உண்டு. "எங்ககிட்ட நல்லாத்தானே இருக்கான், நீதான் சரியில்லை" என்று பழி அவள்மேல் விழும். மிக நெருங்கி வருபவரிடம்தான் அந்தப் பிள்ளைக்குப் பயம் அதிகம். இதைக் கணவரும் மாமியாரும் புரிந்துகொண்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மூன்று மணி நேரம் கணவர் முழுப் பொறுப்பையும் ஏற்று, அவளைத் தூங்கவோ வெளியே போகவோ விட வேண்டும். தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும், அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸில், எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

மருத்துவம் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கோளாற்றுக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ மருத்துவர் தேவைப்பட்டால் தருவார். பலன் தருவது, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து, பிள்ளையின் சைகையைப் படிக்கப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் முறை. பிள்ளையைத் தனியே அறைக்குள் அழைத்துப் போய்ச் 'சரி' செய்து தருவதாகச் சொல்பவரிடம் போகாதீர்கள். 'மறுபிறப்பு' சிகிச்சை என்று துணியால் சுற்றி அழுத்தியதில் அமெரிக்காவின் கொலராடோவில் 2000-ல், தத்தெடுக்கப்பட்ட 10 வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சடைத்து இறந்தாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அதைத் தடை செய்தது. இறுக்கிப் பிடித்து ஒட்டுதல் வரவழைப்போம் என்ற பேச்சு இணையத்தில் இன்னும் ஓயவில்லை.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பார்கள். கணக்கு மாதங்களில், சில பிள்ளைகளுக்கு ஆண்டுகளில். நேர்கோட்டிலும் போகாது. காய்ச்சல், வீடு மாற்றம், அப்பாவின் வெளியூர்ப் பயணம், திருவிழாக் கூட்டம் வந்தால் பழையபடி ஆகிவிட்டதுபோல் இருக்கும், பிறகு மீளும்.

அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்த தாய்க்குத்தான் 12 வார விடுப்பு என்று எழுதியது. இரண்டு வயதிலோ ஐந்து வயதிலோ வரும் பிள்ளைக்கே வீட்டில் ஆள் இருப்பது அதிகம் தேவை. விடுப்பைக் குழந்தையின் வயதோடு முடிச்சுப் போடுவது எந்தச் சட்டத்தில் இருந்தாலும், எந்தப் பணி விதியில் இருந்தாலும் அதை நீக்க வேண்டும்.

மற்றொன்றுக்குச் சட்டத்தைக்கூட மாற்ற வேண்டாம். 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, பிள்ளை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பழகுவதில் சிக்கல் இருந்தால் ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். வருபவர் எடை, தடுப்பூசி, பள்ளி பற்றிக் கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவதோடு முடிந்துவிடக் கூடாது. குறை சொன்னால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பெற்றோரும் "எல்லாம் நல்லா இருக்கு" என்கிறார்கள். அந்தப் பயத்தை முதலில் அவர் போக்க வேண்டும். பிறகு மூன்று கேள்வி கேட்டால் போதும்: விழுந்தால் பிள்ளை உங்களிடம் ஓடி வருகிறதா? நீங்கள் வெளியே கிளம்பினால் அழுகிறதா? புது ஆள் வந்தால் உங்கள் பின்னால் ஒளிந்துகொள்கிறதா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக அந்த வாரமே மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கட்டும். அடுத்த ஆறு மாத அறிக்கைவரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் மனநல ஆலோசகர்கள் இருவர்,
திருச்சி.